பிரேக்கை மிதித்தால் முன்னால் எரிகிறது

ஸ்திராஷ்னிட்சே
29 மார்ச் 2004

மரியாதைக்குரிய வெந்தெலின் அவர்களுக்கு,

மரியாதை இவ்வளவுதான். ‘நீங்கள்’ போட்டுத் திட்ட எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை மதியம் உருளைக்கிழங்கு சாலட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாயே, அன்றிலிருந்து என் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க மாட்டேன். போனில் நாம் பேசுவதில்லை, கத்துகிறோம். பக்கத்து வீட்டு போஷெனா அதைக் கேட்பதற்காகவே வேலியோரம் முள்ளங்கி விதைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

நடந்தது உனக்கு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும், அதனால் சொல்கிறேன். பழைய சாமான் சந்தையில் நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஒரே பெட்ரோல் டாங்கைப் பிடித்து இழுத்து, கடைசியில் கூட்டாக வாங்கிய இரும்புக் குப்பையை மூன்று வருடம் உழைத்து மறுபடி 1957ஆம் வருடத்து ஜாவா மோட்டார் சைக்கிள் ஆக்கினோம். பெயின்ட் நான், ஒயரிங் நீ. அதுதான் ஒப்பந்தம். சனிக்கிழமை காலை மைதானத்தில் பழைய வண்டிச் சங்கத்தின் பரிசோதகர் கொப்ரிவா மடக்கு நாற்காலியைப் போட்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். என் சிவப்புப் பெயின்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அது வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. "பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்தாய். பின்னால் இருட்டு. முன்னால் ஸ்பீடாமீட்டருக்குள் இருக்கிற சின்ன விளக்கு மட்டும் மினுக்கென்று எரிந்தது.

"இது நல்லா இருக்கே! பின்னால வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டுறவருக்கு மட்டும் தான் பிரேக் போட்டது தெரியும்" என்றார் கொப்ரிவா. மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். நீ என்ன செய்தாய்? அத்தனை பேர் நடுவில் என்னைக் கை காட்டினாய். "என் ஒயரிங்ல தப்பே இருக்காது சார். பெயின்ட் அடிச்ச அம்மாவைக் கேளுங்க!"

ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். வெந்தா, ஒயர் வேலை செய்யாததற்குப் பெயின்டைக் குறை சொன்ன முதல் எலக்ட்ரீஷியன் நீயாகத்தான் இருப்பாய்.

பிப்ரவரியில் என் சமையலறையில், கையில் டெஸ்ட் விளக்கை வைத்துக்கொண்டே, நாம் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று கேட்டாய். வண்டி சோதனையில் தேறிச் சங்கத்தின் தகடு கிடைக்கட்டும், அன்றைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். வண்டி தேறவில்லை. ஆகவே பதிலும் இல்லை.

யர்மிலா


ஒஸ்த்ராவா
2 ஏப்ரல் 2004

யர்மிலா,

எனக்குக் கடிதம் எழுத வராது. டிப்போவில் பழுது அறிக்கை எழுதுவேன். அதே மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் சாலட். அதைத் தொடாமல் வந்தது என் தவறு. ரயிலில் ப்ரெரோவ் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தது பழுது. டிராம்களுக்கு ஒயர் போட்டே தலை நரைத்தவன் நான். அந்த ஒயர்ப் பின்னலை இங்கே என் மேஜையில் வைத்து முழுதாகச் சோதித்தேன். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. உன் கொட்டகைக்கு வந்த பிறகுதான் எரியாமல் போனது. இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

மிதித்தால் முன்னால் எரிகிறது என்றால் மிதியோரத்து ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. பிரேக் பல்பும் நன்றாக இருக்கிறது, அது போயிருந்தால் முன்னாலும் எரியாது. கரண்ட் பின் விளக்கு வரைக்கும் ஒழுங்காகப் போகிறது. போன இடத்திலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல், பக்கத்திலிருக்கும், இரவில் எரிகிற சின்ன பல்பு வழியாக நுழைந்து, அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போய், ஸ்பீடாமீட்டர் விளக்கு வழியாகத் தரை இறங்குகிறது. குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் ஊரைச் சுற்றிப் போவது மாதிரி.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் கட்டு. மறு முனையைப் பின் விளக்கின் உலோக உடம்பில் தொடு. யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல். என்ன நடக்கிறதென்று எழுது.

போனை எடுத்திருந்தால் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

வெந்தெலின்


ஸ்திராஷ்னிட்சே
7 ஏப்ரல் 2004

வெந்தா,

போஷெனாவை மிதிக்கச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் இந்தப் பக்கம் வந்து உபயோகமாக ஏதாவது செய்யட்டுமே. ஒயரைத் தொட்டதும் பின் விளக்கு திகுதிகுவென்று எரிந்தது. போஷெனா மிதியிலிருந்து காலை எடுத்து ஒரு துள்ளுத் துள்ளினாள்.

"ஏன்டி யர்மிலா, தீப்பிடிச்சுக்கிச்சா?"

"தீயில்லடி, பிரேக்கு."

"இதுக்கா அந்த மனுஷன் சாப்பிடாம போனாரு? நான் கூட வேற ஏதோ விஷயம்னு நெனச்சேன்."

அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஆக, நீ சொன்னது சரி. சந்தோஷப்பட்டுக்கொள், இந்த வருடத்துக்கு அது போதும். வேலையும் சுலபமாக முடிந்தது. அந்தத் துண்டு ஒயரை நிரந்தரமாகப் போட்டுவிடலாம். மட்கார்டுக்கு உள்பக்கமாகக் கொண்டுபோனால் கொப்ரிவா கண்ணில் படாது. கறுப்பு ஒயர் வாங்கி வைத்துவிட்டேன். சரி என்று ஒரு வரி எழுது.

யர்மிலா


ஒஸ்த்ராவா
10 ஏப்ரல் 2004

யர்மிலா,

போடாதே! ஒயரைக் கீழே வை.

1957இல் தொழிற்சாலை அங்கே ஒயர் வைக்கவில்லை. போவது ஒயர் வழி, திரும்புவது இரும்பு வழி. விளக்கு மட்கார்டைத் தொட வேண்டும், மட்கார்டு சட்டத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அந்த வண்டியின் இலக்கணம். நான் ஒரு ஒயரைக் கூடுதலாகப் போட்டால், அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்களை விட எனக்கு அதிகம் தெரியும் என்று ஆகிவிடும். அதுவும் கொப்ரிவா, பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்க்கிறவர். பிடித்துவிடுவார்.

இங்கே மேஜையில் ஏன் எரிந்தது என்பது நேற்று டிப்போவில் சூப் குடிக்கும்போது புரிந்தது. மேஜையில் விளக்கின் உடம்பைக் கிளிப் போட்டு எர்த்தோடு மாட்டியிருந்தேன். உன் கொட்டகையில் அது உட்கார்ந்தது உன் பெயின்ட் மேல். மட்கார்டை நீ வெளியே மட்டும் அடிக்கவில்லை, உள்ளே அடித்தாய், விளக்கு உட்காரும் இடத்தில் அடித்தாய், போல்ட் ஓட்டைக்குள்ளே கூட ஊசித் தூரிகை விட்டு அடித்தாய். ஏழு பூச்சு. அது போதாதென்று பெயின்ட் விரிசல் விடக்கூடாது என்று ஒவ்வொரு போல்ட் தலைக்குக் கீழும் ரப்பர் வாஷர் வைத்தாய். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் இவ்வளவு அன்பாக ஒரு மட்கார்டுக்குப் பெயின்ட் அடித்ததில்லை. இரும்பு இரும்பைத் தொட ஒரு இடம் கூட நீ விடவில்லை.

விளக்குக்கு அடியில் ஒரு சட்டைப் பொத்தான் அளவு உப்புத்தாளால் சுரண்டு. சட்டத்தோடு சேரும் இடத்திலும் ஒரு பொத்தான் அளவு. மாட்டிய பிறகு வெளியே தெரியாது.

ஈஸ்டருக்கு எனக்கு டியூட்டி.

வெந்தெலின்


ஸ்திராஷ்னிட்சே
13 ஏப்ரல் 2004

வெந்தா,

சுரண்டவா? குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டவளிடம் வந்து, கன்னத்தில் கொஞ்சம் கீறு, வெளியே தெரியாது என்கிறாய்.

நான் கார்களுக்குப் பெயின்ட் அடித்துச் சம்பளம் வாங்குகிறவள். அங்கே இரண்டு பூச்சு அடித்து அனுப்பு என்பார்கள், அனுப்புவேன். ஒவ்வொரு வசந்தத்திலும் பக்கத்து ஊர் ஒயின் பாதாள அறைகளின் வாசலுக்கு நீலக் கரை போடக் கூப்பிடுவார்கள், போடுவேன், மழை வந்து கழுவிவிடும். வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் எனக்கு ஆசை தீருகிற வரைக்கும் அடித்தேன். அந்தச் சிவப்பு சரியாக வருவதற்குள் எத்தனை கலவை கொட்டினேன் என்று நீதான் பார்த்தாயே. விளக்குக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறாய். நான் பார்ப்பேன். அங்கே கீறல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நேற்று ஈஸ்டர் திங்கள். வில்லோச் சவுக்கோடு தெருவில் ஆண்கள் எல்லாம் வீடு வீடாக வந்தார்கள். போஷெனாவின் புருஷன் வந்து என் காலில் இரண்டு தட்டு தட்டி, சிவப்பு முட்டையும் பிளம் சாராயமும் வாங்கிப் போனான். தபால்காரர் வந்தார். எலும்பு டாக்டர் கூட வந்தார், தொண்ணூறு வயது, சவுக்கைத் தூக்கவே ஆள் வேண்டியிருந்தது. சவுக்கோடு வர வேண்டியவன் ஒஸ்த்ராவாவில் டிராமுக்கு அடியில் படுத்திருந்தான். அடி வாங்காத பெண் அந்த வருடம் முழுக்க வாடிப்போவாள் என்பார்கள். நான் வாடவில்லை, எரிச்சலாக இருக்கிறேன்.

நீ ஒயர் போட விட மாட்டாய். நான் சுரண்ட மாட்டேன். ஒரு பல்புக்கே இப்படி என்றால், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதா மூடியா, சூப்பில் சீரகம் போடுவதா வேண்டாமா என்றெல்லாம் வந்தால் நாம் எங்கே போய் நிற்போம்? உன் கேள்விக்கு இதுதான் பதிலோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

யர்மிலா


ஒஸ்த்ராவா
19 ஏப்ரல் 2004

அன்புள்ள யர்மிலா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு வேலைக்குப் போனேன். அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும், பல்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சனிக்கிழமை ஒரு டிராம் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால், கதவில் மாட்டியிருப்பது ஒரு கல்யாணக் கவுன். கவுன் வெளியே, மணப்பெண் உள்ளே. வாடகைக் கார் வழியில் மக்கர் செய்ததால் சர்ச்சுக்கு டிராமில் கிளம்பியிருக்கிறாள். மாப்பிள்ளை அடுத்த ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, "பயப்படாத, பயப்படாத" என்று அவன்தான் அழுதுகொண்டிருந்தான். அவள் உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கரண்டை நிறுத்திக் கதவைக் கையால் நகர்த்தினேன். கவுன் ஓரத்தில் கிரீஸ் கறை. மன்னிப்புக் கேட்டேன். அவள் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் சார். இன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கணும்ல" என்றாள். என் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள்.

திரும்பி வரும்போது உன்னைத்தான் நினைத்தேன். இங்கே என் டிப்போ வீட்டில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு ரேடியோ. இரண்டாவது தட்டு வாங்கலாம் என்று கடைக்குப் போவேன், யார் வருவார்கள் என்று திரும்பிவிடுவேன். உன் எதிரில் உட்கார்ந்தால் எனக்குப் பேச வாய் வருவதில்லை. அதனால் ஒயரைப் பற்றிப் பேசுகிறேன். மைதானத்தில் உன்னைக் கை காட்டியதற்கு வெட்கப்படுகிறேன். கொப்ரிவா சிரித்ததைத் தாங்கியிருப்பேன். நீ சிரித்ததுதான் சுருக்கென்று இருந்தது.

உன் சிவப்பைச் சுரண்ட வேண்டாம். அந்தக் கறுப்பு ஒயரைப் போட்டுக்கொள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். கொப்ரிவா பிடித்தால் நான்தான் போட்டேன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை மட்டும் செய். பின் விளக்கின் இரண்டு பல்பையும் கழற்றிவிட்டு, பிரேக்கை மிதித்து, முன்னால் எரிகிறதா என்று பார். எழுது.

சீரகம் போடலாம். எனக்குப் பிடிக்கும்.

வெந்தா


ஸ்திராஷ்னிட்சே
26 ஏப்ரல் 2004

அன்புள்ள வெந்தா,

அந்த மணப்பெண் சர்ச்சுக்கு நேரத்துக்குப் போனாளா? மாப்பிள்ளை அழுகையை நிறுத்தினானா? எந்தச் சாண்ட்விச்? இதையெல்லாம் எழுதாமல் ஒரு கதையை யாராவது பாதியில் விடுவார்களா? போஷெனாவிடம் சொன்னேன், அவளுக்கு நேற்று வேலையே ஓடவில்லை.

நீ இப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன், உன் வீட்டில் ஒரே ஒரு தட்டு என்பது எனக்குத் தெரியாது. அது என்ன நிறம்? ரேடியோவில் என்ன கேட்பாய்? விரிவாக எழுது.

சோதனை பற்றி. இரண்டு பல்பையும் கழற்றினேன், மிதித்தேன். முன்னால் அப்படியே எரிகிறது. பழையபடி மினுக் மினுக். என்ன செய்வது என்று ஒன்றும் புரியவில்லை. பழுது நாம் நினைத்ததை விடப் பெரிது போலிருக்கிறது. நீ பொறுமையாக, ஒவ்வொன்றாக, கடிதம் கடிதமாக வழி சொல்ல வேண்டும். அவசரமே இல்லை.

யர்மிலா


ஒஸ்த்ராவா
2 மே 2004

அன்புள்ள யர்மிலா,

தட்டு வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு, ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. ரேடியோவில் பித்தளை வாத்தியக் குழுக்களைக் கேட்பேன். சாண்ட்விச்சில் வறுத்த இறைச்சியும் ஊறுகாய் வெள்ளரியும். மணப்பெண் நேரத்துக்குப் போனாள். மாப்பிள்ளைதான் அவளுக்குப் பின்னால் ஓடி மூச்சு வாங்கி, படியில் உட்கார்ந்துவிட்டானாம். பாதிரியார் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

நீ எழுதியிருக்கும் பழுது மிக அபூர்வமானது. என் அனுபவத்தில் பார்த்ததே இல்லை. ஆகவே அபூர்வமான சோதனைகள் தேவைப்படுகின்றன. பேட்டரியைக் கழற்றி, கம்பளிப் போர்வை போர்த்தி, சமையலறை அடுப்போரம் ஓய்வெடுக்க விடு. மறுநாள் மாட்டிவிட்டு, வலது காலால் மிதிப்பதை இடது காலால், செருப்பில்லாமல் மிதி. முகம் ஒஸ்த்ராவா பக்கம் இருக்க வேண்டும். மிதிக்கும்போது அன்றைய வானிலை அறிக்கையை வண்டிக்கு உரக்கப் படித்துக் காட்டு. அந்தக் காலத்து ஜாவாக்களுக்குக் காற்றழுத்தம் முக்கியம். கடைசியாக, ஸ்பீடாமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு பிளம் சாராயம் விட்டு, மீதியைச் சோதனை செய்கிறவர் குடிக்க வேண்டும்.

முடிவைத் தவறாமல் எழுது.

வெந்தா


ஸ்திராஷ்னிட்சே
9 மே 2004

அன்புள்ள வெந்தா,

எல்லாவற்றையும் நீ சொன்னபடியே செய்தேன். போர்வை போர்த்தினேன். செருப்பைக் கழற்றினேன். "மொராவியாவின் தென்பகுதியில் மேகமூட்டம், பிற்பகலில் லேசான தூறல்" என்று வண்டிக்குப் படித்தேன். வேலிக்கு மேல் போஷெனாவின் தலை வந்தது.

"யாருகூடடி பேசுற?"

"வண்டிகூட."

"அது என்ன சொல்லுது?"

"கொடை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுது."

சாராயச் சோதனையை மட்டும் உறுதி செய்துகொள்ள இரண்டு தடவை செய்தேன். பலன் ஒன்றுமில்லை. முன்னால் அதே மினுக். வேறு சோதனை இருந்தால் எழுது. இங்கே எல்டர் செடி பூத்துவிட்டது. நீ வந்திருந்தால் பூவை மாவில் தோய்த்துப் பொரித்திருப்பேன். நான் மட்டும் என்றால் பொரிக்கத் தோன்றுவதில்லை.

யர்மிலா


ஒஸ்த்ராவா
14 மே 2004

யர்மிலா,

இனி விளையாட்டு வேண்டாம்.

இரண்டு பல்பையும் கழற்றிய பிறகு முன்னால் எரிய வழியே கிடையாது. பின்னால் போன கரண்ட் அந்த இரண்டு பல்பின் வழியாகத்தான் முன்பக்கம் வர முடியும். பல்பைக் கழற்றுவது பாலத்தைக் கழற்றுவது. பாலம் இல்லாத ஆற்றை உன் கரண்ட் எப்படிக் கடந்தது? நீ அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதியிருக்கிறாய். அது எனக்கு அந்தச் சோதனை பற்றிய உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே தெரியும். அதனால்தான் போர்வையும் வானிலையும்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்தேன். அந்தக் கறுப்பு ஒயரைப் போட்டாலே தீர்ந்துவிடுகிற பழுதைத் தீராத பழுது என்று ஒருத்தி ஏன் சொல்ல வேண்டும்? வண்டி தேறினால் பதில் சொல்கிறேன் என்றாய். வண்டி தேறாமலே இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு மனம் வரவில்லை, அதனால் பல்பு மேல் பழியைப் போடுகிறாய். இப்படித்தான் எனக்குப் படுகிறது.

ஜூன் முதல் வீட்டை விடுகிறேனா, வைத்துக்கொள்கிறேனா என்று டிப்போவில் கேட்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பதி அந்த வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். நான் என்ன சொல்ல? இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடு. நான் தாங்கிக்கொள்வேன். வண்டி உன்னிடமே இருக்கட்டும், சிவப்பு உன்னுடையது.

வெந்தெலின்


ஸ்திராஷ்னிட்சே
18 மே 2004

என் வெந்தா,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து பிடுங்கி வாசலிலேயே படித்தேன். எலக்ட்ரீஷியனிடம் கரண்டைப் பற்றிப் பொய் சொன்ன முட்டாள் நான் ஒருத்திதான் இருப்பேன். கேள், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒயரைப் போட்டுக்கொள், நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். கறுப்பு ஒயரைக் கையில் எடுத்தேன். இந்த மனுஷன் எனக்காக 1957ஆம் வருடத்தையே விட்டுக்கொடுக்கிறானே என்று தோன்றியது. ஒயரை வைத்துவிட்டு விளக்கைக் கழற்றினேன். உப்புத்தாளை எடுத்து, அடியில் ஒரு பொத்தான் அளவு சுரண்டினேன். சட்டத்தோடு சேரும் இடத்தில் இன்னொன்று. ரப்பர் வாஷர்களைத் தூக்கி எறிந்தேன். ஏழு பூச்சும் ஒவ்வொன்றாக உரிந்து இரும்பு வெள்ளையாகத் தெரிந்தபோது அழுதேன், மறைக்கவில்லை. மாட்டிவிட்டு மிதித்தேன். கொட்டகைச் சுவர் முழுக்கச் சிவப்பு. முன்னால் இருட்டு. அதுதான் முறை.

இதோடு நிற்கவில்லை. போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை வண்டியைக் கொப்ரிவாவிடம் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். பல் டாக்டர் கண்ணாடியை மட்கார்டுக்குள் விட்டுத் தேடு தேடென்று தேடினார். "இப்போ பின்னால வர்றவனுக்கும் தெரியுதும்மா" என்று கையெழுத்துப் போட்டார். தகடு வந்துவிட்டது வெந்தா. மேஜையில் மாவு டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். வானிலை அறிக்கைக் கடிதத்தை எழுதும்போது அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. போர்வை மட்டும் பொய்யில்லை. பேட்டரிக்கு நிஜமாகவே போர்த்தினேன். நீ சொல்லி ஒன்றையாவது செய்யலாம் என்று தோன்றியது.

ஏன் பொய் சொன்னேன்? நீ நினைத்தது தலைகீழ். வண்டி தேறிவிட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் நீ வந்துவிடுவாய். வந்து, எதிரே உட்கார்ந்து, மறுபடி ஒயரைப் பற்றிப் பேசுவாய். மூன்று வருடமாக எதிரே உட்கார்ந்திருந்த வெந்தெலின் எனக்குப் பிடித்தவன்தான். ஆனால் கவுன் மாட்டிய மணப்பெண்ணையும் சில்லு பெயர்ந்த தட்டையும் எழுதினவன் மேல்தான் எனக்கு இந்த வயதில் பைத்தியம் பிடித்தது. நீ இங்கே வந்துவிட்டால் அவன் போய்விடுவான், எனக்குக் கடிதம் எழுத யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு கடிதம், இன்னும் ஒன்று என்று இழுத்தேன். உன் மனம் நோகும் என்று யோசிக்கவே இல்லை. அதற்கு மன்னித்துக்கொள்.

பதில், சரி. பிப்ரவரியிலேயே சரிதான். டிப்போவில் வீட்டைக் கொடுத்துவிடு, அந்தச் சின்னஞ்சிறுசுகள் வரட்டும். தட்டை எடுத்துக்கொண்டு வா. எல்டர் பூ இன்னும் உதிரவில்லை.

யர்மிலா


ப்ரெரோவ் ரயில் நிலையம்
28 மே 2004, வெள்ளிக்கிழமை

அன்புள்ள யர்மிலா,

அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு பெட்டி, ரேடியோ, துணியில் சுற்றிய ஒரு தட்டு. எல்லாவற்றையும் பெஞ்சில் அடுக்கிவிட்டு அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எதிரே ஒரு அம்மாள் வாத்துக் குஞ்சுகளைக் கூடையில் வைத்திருக்கிறார். ஒன்று தப்பித்து டிக்கெட் ஜன்னலுக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த பெண், "எங்கே போகணும், சொல்லுங்க?" என்று அதைக் கேட்டாள். இதையெல்லாம் உன் எதிரில் உட்கார்ந்தால் எனக்குச் சொல்ல வராது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை இங்கேயே தபால் பெட்டியில் போடுகிறேன். இன்று சாயங்காலம் நான் வந்துவிடுவேன், இது திங்கட்கிழமைதான் வரும். அதற்குள் நாம் சீரகத்துக்கோ ஜன்னலுக்கோ ஒரு சண்டை போட்டிருப்போம். பயமாகத்தான் இருக்கிறது, சந்தோஷத்தில் வருகிற பயம். தபால்காரர் வந்தால் நான் போய் வாங்கி, "யர்மிலா, உனக்குக் கடிதம் வந்திருக்கு" என்று கொடுப்பேன். யாரிடமிருந்து என்று கேட்காதே. நீ படிக்கும்போது நான் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். பிறகு உட்கார்ந்து விரிவாகப் பதில் எழுது. தபால் பெட்டி தெருமுனையில்தானே இருக்கிறது, நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

வெந்தா